பூச்சியம் எண்டு சொல்லும் சூத்திரமும் பறக்கிற கடதாசியும்

உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்த யாரையாவது பிடித்து "கூலோமின் விதி என்ன?" எண்டு கேளுங்கள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். இரண்டு ஏற்றங்களையும் பெருக்கு, தூரத்தின் வர்க்கத்தால் பிரி, 9 × 10⁹ ஆல் பெருக்கு, முடிஞ்சுது. இப்போது அதே ஆளிடம் ஒரு சீப்பையும் கிழித்த கடதாசித் துண்டுகளையும் கொடுங்கள். சீப்பை உலர்ந்த தலைமயிரில் தேய்த்துக் கிட்டக் கொண்டுபோகக் கடதாசி பாய்ந்து ஒட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தைதான். இனிக் கேளுங்கள்: "சீப்பில் ஏற்றம் இருக்கு, சரி. கடதாசியில் எவ்வளவு ஏற்றம்?"

கடதாசியில் நிகர ஏற்றம் பூச்சியம். சூத்திரத்தில் பூச்சியத்தைப் போட்டால் பெருக்கம் பூச்சியம், விசையும் பூச்சியம். ஆனால் கடதாசி பறக்கிறது.

இந்த இடத்தில் திறமைச் சித்தி எடுத்தவர்களும் தலையைச் சொறிவதைப் பார்த்திருக்கிறோம். நிலைமின்னியலில் எல்லோரும் முதலில் காணும் பரிசோதனை இது. நிலைமின்னியலில் எல்லோரும் முதலில் பாடமாக்கும் சூத்திரமும் இருக்கிறது. இரண்டும் ஒரே பாடத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றை ஒன்றோடு முட்டவிட்டுப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. இதைப் பற்றித்தான் சண்டை பிடிக்க வந்திருக்கிறோம்.

முதலில் அந்தக் கடதாசியின் கணக்கைப் போட்டுவிடுவோம். சீப்பு மறையேற்றம் கொண்டது என்று வையுங்கள். அது கிட்ட வரும்போது கடதாசிக்குள் இருக்கும் ஏற்றங்கள் சற்று இடம்மாறுகின்றன. சீப்பைப் பார்த்த பக்கத்தில் கொஞ்சம் நேரேற்றம், மறுபக்கத்தில் அதே அளவு மறையேற்றம். கூட்டினால் இப்பவும் பூச்சியம்தான். ஆனால் இந்த இரண்டு பக்கமும் சீப்பிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. சீப்பின் ஏற்றம் கடதாசியின் கிட்டிய முகத்திலிருந்து 10 மில்லிமீற்றரில் ஒரு புள்ளியாக இருப்பதாக எடுங்கள். தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் என்றால் மறுமுகம் 10.1 மில்லிமீற்றரில். இழுக்கும் விசையை 1 என்று வைத்தால் தள்ளும் விசை 10 இன் வர்க்கத்தை 10.1 இன் வர்க்கத்தால் பிரித்தது, ஏறத்தாழ 0.98. மிச்சம் வெறும் 2 சதவீதம். அந்த 2 சதவீதம்தான் கடதாசியைத் தூக்குகிறது.

பாருங்கள், இதற்குப் புதிய சூத்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அதே கூலோமின் விதி, இரண்டு தரம். ஒருதரம் இழுப்புக்கு, ஒருதரம் தள்ளுகைக்கு, பிறகு ஒரு கழித்தல். ஏற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும். அந்தக் கேள்வியைத்தான் எங்களுடைய வகுப்புகள் கேட்கவிடுவதில்லை.

வகுப்பில் நடப்பது வேறு. ரியூட் வரும். அதில் முக்கோணத்தின் மூன்று மூலைகளில் மூன்று ஏற்றம், சதுரத்தின் நாலு மூலையில் நாலு ஏற்றம், ஒரு நேர்கோட்டில் விசை பூச்சியமாகும் புள்ளி. "பிள்ளையள், குறியைப் போடாதேங்கோ, பெறுமானத்தை மட்டும் போட்டுட்டுப் பிறகு அம்புக்குறி கீறுங்கோ." "இந்த டைப் வந்தால் இந்த ஷோர்ட்கட்." "இந்த டைப் போன வருசம் வந்தது, இந்த வருசம் வராது." குறியை ஏன் போடக்கூடாது? விசை ஒரு காவி என்பதால், அதன் திசையை ஏற்றத்தின் கூட்டல் கழித்தல் அடையாளம் தனியே சொல்லிவிடாது என்பதால். இதைச் சொல்ல ஐந்து நிமிசம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிசத்தில் இன்னும் இரண்டு கணக்குச் செய்யலாம் என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

இதற்குப் பெயர் பிரதியிடல். கணித்தல் என்று இதைச் சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். எழுத்து இருந்த இடத்தில் இலக்கம் போடுவதைப் போனில் இருக்கிற கல்குலேற்றரும் செய்யும். பரீட்சை மண்டபத்துக்குள் கல்குலேற்றர் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் மட்டும் அந்த வேலைக்கு மரியாதை வந்துவிடாது.

ஒரு மாதிரிக் கணக்கை எடுப்போம். "காற்றில் 30 சென்ரிமீற்றர் இடைத்தூரத்தில் இரு சிறிய கோளங்கள் 2 மைக்ரோகூலோம், 3 மைக்ரோகூலோம் ஏற்றங்களைக் கொண்டுள்ளன. அவற்றிடையேயான விசையைக் காண்க." இப்படியான கணக்கைச் செய்யாத உயர்தர மாணவர் இல்லை. விடை 0.6 நியூற்றன். கீழே இரண்டு கோடு கீறி அடுத்த கணக்குக்குப் போவோம்.

போகவேண்டாம், கொஞ்சம் நில்லுங்கள். 0.6 நியூற்றன் எவ்வளவு? 60 கிராம் திணிவின் நிறை. ஒரு கோழிமுட்டை. உலர்ந்த துணியில் பிளாஸ்ரிக்கைத் தேய்த்து வருகிற ஏற்றத்தால் ஒரு முட்டையைத் தூக்கின மாதிரி ஒரு தள்ளுகையை நீங்கள் எப்பவாவது கண்டிருக்கிறீர்களா? இல்லை. ஏன் இல்லை?

ஏனென்றால் காற்றுக்கு ஒரு பொறுமை எல்லை உண்டு. மின்புலம் மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற்றைத் தாண்டினால் காற்றே கடத்தத் தொடங்கும், பொறி பறக்கும், ஏற்றம் ஒழுகிப்போகும். 1 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கோளம் ஒன்றின் மேற்பரப்பில் அந்த எல்லையை எட்ட எவ்வளவு ஏற்றம் வேண்டும்? 30 இலட்சத்தை ஆரையின் வர்க்கத்தால் பெருக்கி 9 × 10⁹ ஆல் பிரியுங்கள். ஏறத்தாழ 0.03 மைக்ரோகூலோம். கணக்கில் கேட்ட 2 மைக்ரோகூலோம் அதைவிட அறுபது மடங்கு. அந்தச் "சிறிய கோளத்தில்" அது நிற்காது. நிற்கவேண்டுமென்றால் ஆரை 8 சென்ரிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். 3 மைக்ரோகூலோமுக்கு 9.5 சென்ரிமீற்றர். அப்படி இரண்டு பந்தை மையத்துக்கு மையம் 30 சென்ரிமீற்றரில் வைத்தால் நடுவில் மிஞ்சும் இடைவெளி பன்னிரண்டரை சென்ரிமீற்றர்தான். அவை புள்ளிகளும் இல்லை, சிறிய கோளங்களும் இல்லை. கணக்குக் கொடுத்தவரே தன் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

"அதெல்லாம் சும்மா இலக்கம்தானே, முறை விளங்கினால் சரி" எண்டு சொல்லுவார்கள். இல்லை. இலக்கம் சும்மா கிடையாது. பௌதிகவியலில் இலக்கம்தான் உலகத்தோடு கட்டியிருக்கிற கயிறு. அதை அறுத்துவிட்டால் மிஞ்சுவது அட்சரகணிதம், அதுவும் எட்டாம் வகுப்பு அட்சரகணிதம்.

இன்னொன்று. ஒரு கூலோம், ஒரு கூலோம், ஒரு மீற்றர் தூரம். விசை 9 × 10⁹ நியூற்றன். 90 கோடி கிலோவின் நிறை, அதாவது 9 இலட்சம் தொன். இதை எழுதிய கையோடு அடுத்த அலகுக்குப் போய் "மின்னோட்டம் 2 அம்பியர், எனவே ஒரு செக்கனில் 2 கூலோம் பாய்கிறது" என்று எழுதுகிறோம். உங்கள் போன் சார்ஜரின் வயரில் கிட்டத்தட்ட அவ்வளவு போகிறது. பிறகு ஏன் அந்த வயர் மேசையைப் பிளந்துகொண்டு போகவில்லை? அதற்குள் ஓடும் மறையேற்றத்துக்குச் சமமான நேரேற்றம் செப்பின் அணுக்களில் அசையாமல் இருக்கிறது என்பதால். வெளியில் நின்று பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுதாக அழித்துவிடுகின்றன. இயற்கையின் இவ்வளவு பெரிய விசை எங்களைச் சுற்றி எல்லாப் பொருளுக்குள்ளும் சமன்பட்டுக் கிடக்கிறது. நாங்கள் சீப்பிலும் மின்னலிலும் காண்பது அந்தச் சமநிலையில் விழும் சின்னக் கீறல்களை. இந்த வியப்பைக் கொடுக்காத நிலைமின்னியல் என்ன நிலைமின்னியல்?

சூத்திரம் வானத்திலிருந்து விழுந்த மாதிரித்தான் எங்களுக்குத் தரப்படுகிறது. பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். சார்ல் கூலோம் ஒரு பொறியியலாளர். பிரெஞ்சு இராணுவத்துக்காக மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டப் போய், உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். மண்ணின் அழுத்தம், உராய்வு, முறுக்கிய கம்பி எவ்வளவு எதிர்க்கும் என்பவையெல்லாம் அவருடைய தொழில். அந்தக் கம்பியைத்தான் 1785 இல் தராசாக்கினார். மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்கும் ஒரு கோல். கோலின் நுனியில் நெட்டிப் பந்து ஒன்று. பக்கத்தில் அசையாமல் பொருத்திய இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரேவிதமான ஏற்றத்தைக் கொடுக்க, தொங்கும் பந்து தள்ளுப்பட்டு விலகும். கம்பி எவ்வளவு முறுகியதோ அவ்வளவு விசை.

அவர் வெளியிட்ட வாசிப்புகள் எத்தனை தெரியுமா? மூன்று. பந்துகள் 36 பாகை விலகி நின்றபோது கம்பியின் முறுக்கு 36 பாகை. 18 பாகைக்கு நெருக்கியபோது 144. எட்டரைப் பாகைக்கு நெருக்கியபோது 575.5. முதல் இரண்டையும் பாருங்கள்: தூரம் அரைவாசி, விசை நாலு மடங்கு. அடுத்த அரைவாசி 9 பாகை, அங்கே வரவேண்டியது 576. கிடைத்தது 575.5, ஆனால் எட்டரைப் பாகையில். அரைப் பாகை இடிக்கிறது. அளந்துகொண்டிருக்கும்போதே காற்றினூடாக ஏற்றம் கசிகிறது என்பது அவருக்குத் தெரியும், அதையும் தனியாக ஆராய்ந்தார். பிற்காலத்தில் அந்தக் கருவியை மீளக் கட்டிப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்த விடை வரவில்லை, சிலருக்கு வந்தது.

எங்களுடைய செய்முறைப் புத்தகத்தில் மூன்று வாசிப்போடு ஒருவர் வரைபு கீறினால் என்ன நடக்கும்? "ஆறு வாசிப்பாவது வேணும், திருப்பிச் செய்" எண்டு கொப்பி பறந்துவரும். திருப்பிச் செய்யவும் மாட்டோம். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து ஆறு புள்ளியும் அச்சொட்டாக நேர்கோட்டில் விழும்படி எழுதிக் கொடுப்போம். பல பாடசாலைகளில் ஆய்வுகூடம் இப்படித்தான் ஓடுகிறது என்பதை இதை வாசிக்கும் எல்லோரும் அறிவீர்கள். இடித்த அரைப் பாகையை ஒளிக்காமல் எழுதியவரின் பெயரில் விதி. அந்த விதியைப் படிப்பது பொய் வாசிப்பு எழுதப் பழக்கும் கொப்பியில்.

கூலோமுக்கு முன்னரே இங்கிலாந்தில் ஹென்றி கவென்டிஷ் இன்னும் விசித்திரமான வழியில் போயிருந்தார். அவர் விசையை அளக்கவே இல்லை. ஒரு கோளத்தைச் சுற்றி இரண்டு அரைக்கோள ஓடுகளை மூடி, இரண்டையும் கம்பியால் தொடுத்து ஏற்றம் கொடுத்தார். பிறகு தொடுப்பை எடுத்து, ஓட்டைத் திறந்து, உள்ளே இருந்த கோளத்தில் ஏற்றம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. விசை தூரத்தின் வர்க்கத்துக்குத் துல்லியமாக நேர்மாறாக இருந்தால்தான் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. தன் கருவி எவ்வளவு நுட்பமாகக் காட்டும் என்பதைக் கணித்து, அடுக்கு 2 இலிருந்து ஐம்பதில் ஒன்றுக்கு மேல் விலகமுடியாது என்று முடித்தார். 1770களின் தொடக்கத்தில் செய்த வேலை, வெளியிடவில்லை. 1879 இல் மக்ஸ்வெல்தான் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். "ஒன்றும் இல்லை" என்ற விடையிலிருந்து ஒரு விதியை எடுக்கலாம் என்பது எவ்வளவு பெரிய பாடம்! இதற்கு வகுப்பில் பத்து நிமிசம் போதும். ஆனால் "வராத பகுதி".

இன்னும் ஒன்றைச் சொன்னால் கோபம் வரும், சொல்லத்தான் வேண்டும். "ஒத்த ஏற்றங்கள் தள்ளும்" என்பதை வேதவாக்காகப் படித்தோம். இரண்டு உலோகக் கோளங்களை எடுங்கள். இரண்டிலும் நேரேற்றம், ஒன்றில் நிறைய, மற்றதில் மிகக் கொஞ்சம். தூரத்தில் வைத்தால் தள்ளும். மிகக் கிட்டக் கொண்டுவந்தால் ஒன்றையொன்று இழுக்கும். ஆம், இரண்டும் நேரேற்றம், ஆனாலும் இழுக்கும். கடத்திக்குள் ஏற்றம் ஓடி இடம்மாறும் என்பதால், குறைந்த ஏற்றமுள்ள கோளத்தின் கிட்டிய முகத்தில் மறையேற்றம் வந்து நிற்கிறது. அது கிட்ட இருப்பதால் அதன் இழுப்பு வெல்கிறது. வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இரு கோளக் கடத்திகளுக்கான விசையைக் கணித்து இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டார். இதுவும் சீப்பு, கடதாசிக் கதைதான். உருவம் மட்டும் வேறு.

வினாக்களில் "மிகச் சிறிய", "புள்ளி ஏற்றங்கள்", "ஏற்றப் பரம்பல் மாறாதெனக் கொள்க" என்று வரும் சொற்கள் அலங்காரத்துக்கு இல்லை. அவைதான் சூத்திரம் செல்லுபடியாகும் எல்லையின் வேலிக்கம்பிகள். வேகமாக வாசிக்கப் பழக்கப்பட்டவர்கள் முதலில் தாண்டுவதும் அந்தச் சொற்களைத்தான்.

இனி எதிர்க்கேள்விகள். வரும் என்று தெரியும், அதில் நியாயம் இருப்பதும் தெரியும்.

முதலாவது: "இசட் ஸ்கோர் எடுக்கவேண்டாமா? நீங்கள் சொல்லுறதைப் படிச்சால் கம்பஸ் கிடைக்குமா?" இந்தக் கேள்வியை நாங்கள் நக்கலடிக்கமாட்டோம். ஒரு குடும்பத்தின் தலைவிதியே அந்தத் தசமதானங்களில் தொங்கும் ஊரில் இருந்துதான் எழுதுகிறோம். ஆனால் பழைய வினாத்தாள்களை விடை பார்க்காமல் எடுத்து வாசித்துப் பாருங்கள். யோசிக்கவைக்கும் பல்தேர்வு வினாக்கள் அவற்றில் தாராளமாக உண்டு. உண்மையில் வினாத்தாளைவிட அதற்குத் தயார்படுத்தும் முறைதான் மட்டமானது. பார்த்த டைப் வந்தால் குதிப்போம், பார்க்காத டைப் வந்தால் "இந்த முறை பேப்பர் கடுமை" எண்டு அழுவோம். விளங்கிப் படித்தவருக்கு டைப் என்று ஒன்று இல்லை. ஏற்றம் எங்கே, எவ்வளவு, அசையுமா, விசை எந்தப் பக்கம், விடை நம்பக்கூடியதா. ஐந்தே ஐந்து கேள்வி. முக்கோணத்துக்கும் அதுதான், சதுரத்துக்கும் அதுதான், கடதாசிக்கும் அதுதான்.

இரண்டாவது: "ரியூசன் இல்லாவிட்டால் பிள்ளையள் என்ன செய்யிறது?" சரியான கேள்வி. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் திண்டாடும் பாடசாலைகள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருக்கின்றன. அந்தப் பள்ளத்தை நிரப்புவது ரியூசன்தான். அங்கே தொண்டை வற்றக் கத்தும் சேர்மார் பலர் நல்ல ஆசிரியர்கள். எங்களுடைய கோபம் ஆட்களோடு இல்லை. ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இருத்தி, கையைத் தூக்கிக் கேள்வி கேட்கமுடியாத ஓர் ஏற்பாட்டைக் கல்வி என்று ஒத்துக்கொண்டுவிட்ட எங்களுடைய சமூகத்தோடு. கேள்வி கேட்பவன் எல்லோருடைய நேரத்தையும் வீணாக்குகிறான் என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளையே முறைக்கும் நிலைக்கு வந்துவிட்டோமே, அதோடு.

மூன்றாவது: "ஆய்வுகூடம் இல்லை, சாமான் இல்லை, எங்கட காலநிலைக்கு நிலைமின்னியல் பரிசோதனை வேலை செய்யாது." கடைசிப் பகுதி பாதி உண்மை. ஈரக்காற்றில் ஏற்றம் நிற்காது. மாரி மழைக்குள் செய்தால் சீப்பும் சும்மா, பலூனும் சும்மா. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் செய்யுங்கள். சாமானுக்கு நாங்கள் ஒரு பட்டியல் தருகிறோம்: இரண்டு பலூன், தையல் நூல், அடிமட்டம்.

பத்துப் பலூனை ஊதாமல் ஒன்றாக நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்து, பத்தால் பிரியுங்கள். ஒன்றின் திணிவு இரண்டரைக் கிராம் என்று வந்ததாக வைப்போம். ஊதிய பிறகு நிறுக்கத் தேவையில்லை, உள்ளே இருக்கும் காற்றின் நிறையைச் சுற்றியுள்ள காற்றின் மேலுதைப்பு ஏறத்தாழச் சமப்படுத்திவிடும். இரண்டையும் 25 சென்ரிமீற்றர் விட்டம் வரும்வரை ஊதி, நூலில் கட்டி, ஒரே ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து பலூனின் மையம்வரை 1 மீற்றர். இரண்டையும் உலர்ந்த தலைமயிரில் ஒரே அளவு தேய்த்துவிடுங்கள். விலகி நிற்கும். மையத்துக்கு மையம் 40 சென்ரிமீற்றர் என்று அளந்ததாக எடுப்போம்.

ஒவ்வொரு பலூனும் நிலைக்குத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் விலகல், நூல் 1 மீற்றர். எனவே தள்ளும் விசை நிறையின் ஏறத்தாழ ஐந்திலொன்று. நிறை 0.025 நியூற்றன், விசை 0.005 நியூற்றன். இப்போது கூலோமின் விதியைத் தலைகீழாகப் போடுங்கள்: விசையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 9 × 10⁹ ஆல் பிரித்து, வர்க்கமூலம். ஏற்றம் ஏறத்தாழ 0.3 மைக்ரோகூலோம். ஓர் இலத்திரனின் ஏற்றத்தால் பிரித்தால் கிட்டத்தட்ட 2 இலட்சம் கோடி இலத்திரன்கள். உங்கள் தலையிலிருந்து பலூனுக்குப் போனவற்றை நீங்கள் எண்ணிவிட்டீர்கள், அடிமட்டத்தால்!

இங்கேதான் உண்மையான கணித்தல் தொடங்குகிறது. பலூன் ஒரு புள்ளியா? இல்லை. இறப்பர் காவலி என்பதால் தேய்த்த இடத்தில்தான் ஏற்றம் நிற்கும். தேய்த்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால் ஏற்றங்களுக்கிடையே தூரம் 15 சென்ரிமீற்றர்தான், விடை 0.1 மைக்ரோகூலோமுக்கு இறங்கும். நூல் சுழன்று தேய்த்த பக்கங்கள் வெளியே திரும்பிவிட்டால் தூரம் 65, விடை 0.5 க்கு ஏறும். ஆகவே நேர்மையான விடை: 0.1 இற்கும் 0.5 இற்கும் இடையில். இரண்டு பலூனிலும் சம ஏற்றம் என்று வைத்தோமே, அது சரியா? ஒன்றைக் கூடத் தேய்த்திருந்தால்? அப்படியென்றால் அது எந்தப் பக்கம் கூட விலகும்? (அவசரப்படவேண்டாம். நியூற்றனின் மூன்றாம் விதியை நினைத்துவிட்டுச் சொல்லுங்கள்.)

இந்தப் பயிற்சிக்குப் புள்ளித்திட்டம் கிடையாது. "0.1 இலிருந்து 0.5 வரை" என்று எழுதினால் எந்த ரியூட்டிலும் சரி போடமாட்டார்கள். ஆனால் ஒரு பொறியியலாளரும் வைத்தியரும் ஆய்வாளரும் வாழ்நாள் முழுக்கச் செய்யப்போவது இதைத்தான்: எதைத் தெரியும், எதை அனுமானித்தோம், அனுமானம் பிசகினால் விடை எவ்வளவு ஆடும்.

இதில் பந்தயம் பெரியது. பௌதிகவியல் படித்த எல்லோரும் பௌதிகவியலாளர் ஆகப்போவதில்லை, ஆகவும் தேவையில்லை. ஆனால் பதினெட்டு வயதுவரை "தந்ததைப் போடு, வந்ததை எழுது, நம்பக்கூடியதா எண்டு கேட்காதே" என்று பழக்கப்பட்ட மூளை, பிறகு எந்த இலக்கத்தை எதிர்த்துக் கேட்கும்? வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் இலக்கம், மருந்துச்சீட்டில் ஓர் இலக்கம், கடன் தருகிற கம்பனியின் கடதாசியில் வட்டி என்று ஓர் இலக்கம். எங்களுடைய ஊர்ப் பெண்கள் நுண்கடன் கடதாசிகளில் கையெழுத்து வைத்துவிட்டு அழுததை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கடதாசியின் கணக்கைப் போட்டுப் பார்த்து "அம்மா, இது ஒத்துவராது" எண்டு சொல்லவேண்டிய பிள்ளை அந்த நேரம் எங்கே இருந்தது? சதுரத்தின் நாலாவது மூலையில் விசை கண்டுகொண்டிருந்தது.

தமிழில் இந்தப் பாடத்தைப் படிக்க எங்களுக்கு முன்னால் ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. ஏற்றம், காவி, கடத்தி, காவலி, மேலுதைப்பு. ஒவ்வொரு சொல்லும் யாரோ இருந்து யோசித்துச் செய்த சொல். ஏற்றம் என்றால் ஏற்றி வைத்தது. வண்டியில் சுமை ஏற்றுகிற மாதிரி, எங்கேயோ இருந்து எடுத்து இங்கே ஏற்றியது. எங்கே ஏற்றினாய், எங்கே இருந்து எடுத்தாய் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டு அதைக் கேள்வி கேட்காமல் பாடமாக்குவது, சொல் செய்தவர்களுக்கும் அவமானம்.

எனவே எங்களுடைய கோரிக்கைகள், சுருக்கமாக. ஆசிரியர்மாரே: நிலைமின்னியல் அலகைச் சூத்திரத்தோடு தொடங்காதீர்கள், சீப்போடு தொடங்குங்கள். சூத்திரம் எழுதிய அன்றைக்கே அந்தச் சீப்பைத் திரும்ப எடுத்துப் "பூச்சியம் வருதே, ஏன் பறக்குது?" எண்டு கேளுங்கள். ரியூட் எழுதுவோரே: ஒரு கணக்காவது உலகத்தில் நடக்கக்கூடிய இலக்கங்களோடு எழுதுங்கள். அந்த ரியூட்டைப் போட்டோக்கொப்பி அடிக்கும் மெஷினுக்குள் கரித்தூளைத் தாளுக்கு இழுப்பதே நீங்கள் படிப்பிக்கும் அந்த விசைதான், அதையாவது ஒருதரம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடசாலைகளே: பொய் வாசிப்புக்குப் புள்ளி போடுவதை நிறுத்துங்கள். இடிக்கிற வாசிப்போடு வருகிற பிள்ளையிடம் "ஏன் இடிக்குது எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டு, அதற்குப் புள்ளி போடுங்கள்.

தம்பி, தங்கச்சிமாரே, உங்களுக்கு ஒன்றுதான். அடுத்த வகுப்பில் விடைக்குக் கீழே இரண்டு கோடு கீறமுதல், பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இது எத்தனை கிராம், எத்தனை முட்டை, எத்தனை தொன். ஒத்துவராவிட்டால் கையைத் தூக்குங்கள். நூறு பேர் முறைப்பார்கள். அவர்களில் பத்துப் பேருக்காவது அதே சந்தேகம் இருந்திருக்கும்.